அத்தியாயம் 7: எடையை முதலில் போடுங்கள்

கொட்டேஷன் வாங்கப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு நிற மார்க்கர், பொது மீட்டரின் கடைசி ஆறு ஈ.பி. பில், வண்டி நிறுத்தும் இடத்தில் பதினைந்து நாற்காலி. கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கால்குலேட்டர் போதும்.

அசோசியேஷன் கூட்டத்தில் சோலார் பேச்சை எடுத்தால் என்ன நடக்கும் என்பது சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ அடுக்ககத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருளாளர் ரூபாயில் பேசுவார். மூன்றாம் மாடி மாமிக்குக் கவலை வேறு: “கரண்ட் போனா லிஃப்ட் நின்னுடறது, மாமாவை டயாலிசிஸுக்கு எப்படி இறக்கறது?” பக்கத்து வீட்டுக்காரர், “மாடி பூரா கண்ணாடியைப் பரப்பிட்டா வடாம் எங்க சார் காயப்போடறது?” என்பார். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பையன் கார்பன் என்பான். நால்வர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் ஒருவர் ரூபாயில் பேசுகிறார், ஒருவர் மணிக்கணக்கில், ஒருவர் சதுர அடியில், ஒருவர் டன்னில். இவற்றைக் கூட்ட முடியாது, கழிக்கவும் முடியாது. குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார். இல்லாவிட்டால் டீ வரும், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

கூட்ட முடியாததைக் கூட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பல அளவுகோல் முடிவெடுப்பு முறை என்று பெயர். பெயர்தான் நீளம். எந்தெந்த வழிகள் கையில் இருக்கின்றன, அவற்றை எதைக் கொண்டெல்லாம் அளக்கிறோம், எந்த அளவுகோல் நமக்கு எவ்வளவு முக்கியம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி, பிறகு பெருக்கிக் கூட்டுவது. பிரான்சில் பெர்னார் ரோய் 1960-களிலேயே இதில் இறங்கினார். அமெரிக்காவில் தாமஸ் சாட்டி 1970-களில் இரண்டிரண்டாக ஒப்பிடும் ஏ.ஹெச்.பி. முறையைக் கொண்டுவந்தார். 1981-ல் ஹ்வாங், யூன் இருவரும் டாப்சிஸ் என்ற முறையை வெளியிட்டார்கள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. வீட்டு விளக்குக்கு எந்த எரிசக்தி ஏற்றது என்ற கேள்வியை ஏ.ஹெச்.பி.யோடு இன்னொரு கணித முறையையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை ஒன்றை, சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ராமநாதனும் எல்.எஸ். கணேஷும் 1995-ல் எழுதினார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் பிலானியில் இருந்து வந்தது. போஹேகர், ராமச்சந்திரன் என்ற இருவர் 2004-ல் ஒன்பது சமையல் அடுப்புகளை முப்பது அளவுகோல்களால் அளந்தார்கள். கிண்ண வடிவ சூரிய அடுப்பைப் பரப்புவதற்கு வழி தேடித்தான் கிளம்பினார்கள். முதலிடம் கேஸ் அடுப்புக்குப் போனது. அந்தக் கிண்ண அடுப்பு நான்காவது. பிடிக்காத விடை வந்தும் அப்படியே அச்சிட்டார்கள் பாருங்கள், இந்த முறையைக் கையில் எடுப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி அது.

இனி ஒரு எடுத்துக்காட்டு. சேலையூர் பக்கம் 24 வீடு, கீழே வண்டி நிறுத்தம், மேலே நான்கு மாடி, ஒரு லிஃப்ட், ஒரு போர் மோட்டார், ஒரு சம்ப் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். பொது மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட் ஓடுகிறது. அடுக்ககப் பொது இணைப்புக்கு 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். பிறகு 2023-ல் லிஃப்ட் இல்லாத சிறிய அடுக்ககங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். நம் எடுத்துக்காட்டில் லிஃப்ட் இருப்பதால் சலுகை கிடையாது. கணக்கு எளிதாக இருக்க 8 ரூபாய் என்றே வைக்கிறேன். நீங்கள் உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் விலைகளும் அப்படித்தான், கணக்குப் பழகுவதற்காக நான் வைத்தவை.

முதல் வழி, 5 கிலோவாட் சோலார். தாம்பரம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், சுமார் 100 சதுர அடி இடம் கேட்கும். ஆக ஆண்டுக்கு 7,000 யூனிட், 500 சதுர அடி. கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்றால் 3 லட்சம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய கர் திட்டத்தில் அடுக்ககப் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. அது போக 2.1 லட்சம்.

இரண்டாவது, புதிதாக எதையும் உற்பத்தி செய்யாமல் ஓட்டையை அடைப்பது. வராந்தா விளக்கை எல்.இ.டி. ஆக்கி ஆள் வந்தால் எரியும் சென்சார் போடுவது, பத்து வருடப் போர் மோட்டாரை மாற்றுவது. 60,000 ரூபாய், ஆண்டுக்கு 2,000 யூனிட் மிச்சம். மூன்றாவது, லிஃப்ட்டையும் தண்ணீர் மோட்டாரையும் நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரியும் இன்வெர்ட்டரும்: 2.6 லட்சம். மிச்சம் ஒரு யூனிட்கூட இல்லை. நான்காவது, சோலாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்: 4.6 லட்சம், 7,000 யூனிட், நான்கு மணி நேரம், 500 சதுர அடி.

முதல் வழிக்குத் தாங்கும் நேரம் எத்தனை மணி? பூஜ்யம். கூட்டத்தில் பாதிப் பேர் இதை நம்ப மாட்டார்கள். மாடியில் வெயில் கொளுத்தினாலும் தெருவில் கரண்ட் போன நொடியில் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் போகக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ‘சோலார் போட்டால் பவர் கட் இல்லை’ என்று யாராவது விற்க வந்தால், பேட்டரி எங்கே என்று கேளுங்கள்.

மாடியில் ஒரு குட்டிக் காற்றாடி வைத்தால் என்ன என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இங்கே பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையில்தான் இருக்கிறது. ஆனால் காற்று ஆரல்வாய்மொழியில் இருக்கிறது. நாலா பக்கமும் கட்டடம் சூழ்ந்த மாடியில் காற்று சுழன்று அலையுமே தவிர நேராக வீசாது. அந்த வழியைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பெரும்பாலான கூட்டங்கள் கெடுவது இங்கேதான். நான்கு வழியையும் அவற்றின் எண்களையும் பலகையில் எழுதிவிட்டு ‘எது முக்கியம், சொல்லுங்கள்’ என்றால், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த வழி ஜெயிக்கிற மாதிரி எடை சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. மனசு அப்படித்தான் வேலை செய்யும். அதனால் வழிகளின் பெயர்களை மறைத்துவிடுங்கள். பலகையில் அளவுகோலும் அதன் இரு கோடியும் மட்டும் இருக்கட்டும்: செலவு 60,000 முதல் 4.6 லட்சம் வரை, மிச்சம் 0 முதல் 7,000 யூனிட் வரை (பையனின் கார்பனும் இதற்குள் அடக்கம்), தாங்கும் நேரம் 0 முதல் 4 மணி வரை, மாடியில் போகும் இடம் 0 முதல் 500 சதுர அடி வரை.

பெயரை மறைக்கலாம், இரு கோடிகளை மறைக்கக் கூடாது. ‘பணம் முக்கியமா, இடம் முக்கியமா’ என்று மொட்டையாகக் கேட்டால் பதிலுக்கு அர்த்தமே இல்லை. எவ்வளவு பணம், எவ்வளவு இடம்? வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய்தான் என்றால் பொருளாளரே பணத்தை விட்டுக்கொடுப்பார். அதனால் இப்படிக் கேளுங்கள்: “நாலும் மோசமான கோடியில நிக்குதுன்னு வைங்க. ஒண்ணை மட்டும் நல்ல கோடிக்கு நகர்த்தலாம்னா எதை நகர்த்துவீங்க?” அதற்கு 100. அடுத்ததாக நகர்த்துவதற்கு, முதலாவதோடு ஒப்பிட்டு ஒரு எண். நான்கும் வந்தபின் மொத்தத்தால் வகுத்தால் சதவீதம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து எழுதி வாங்குங்கள். வாய்விட்டுச் சொன்னால் முதலில் சொல்பவரைப் பார்த்து மற்றவர்கள் சாய்வார்கள்.

நம் எடுத்துக்காட்டில் சீட்டுகள் இரண்டு குவியலாகப் பிரிகின்றன என்று வைப்போம். பணக் கட்சி: செலவு 50, மிச்சம் 30, தாங்கும் நேரம் 10, இடம் 10. லிஃப்ட் கட்சி: செலவு 25, மிச்சம் 15, தாங்கும் நேரம் 45, இடம் 15. சீட்டையெல்லாம் வாங்கிய பிறகுதான் வழிகளின் பெயர் பலகைக்கு வர வேண்டும்.

மதிப்பெண் போடுவது பள்ளிக் கணக்கு. ஒவ்வொரு அளவுகோலிலும் நல்ல கோடிக்கு 100, மோசமான கோடிக்கு 0, நடுவில் இருப்பதற்கு அந்த விகிதம். செலவில் இரண்டாவது வழி 100, ஹைப்ரிட் 0, 2.1 லட்சச் சோலார் 62.5, பேட்டரி 50. மிச்சத்தில் சோலாருக்கும் ஹைப்ரிட்டுக்கும் 100, ஓட்டை அடைப்பதற்கு 29, பேட்டரிக்கு 0. நேரமும் இடமும் நம் பட்டியலில் 0, 100 என்று இரண்டே நிலை. எடையால் பெருக்கிக் கூட்டினால், பணக் கட்சிக்கு ஓட்டை அடைப்பது 69, சோலார் 61, பேட்டரி 45, ஹைப்ரிட் 40. லிஃப்ட் கட்சிக்குப் பேட்டரி 73, ஹைப்ரிட் 60, ஓட்டை அடைப்பது 44, சோலார் 31.

இரு தரப்பின் எடையையும் சராசரி எடுத்தால் பேட்டரி 59, ஓட்டை அடைப்பது 56. பேட்டரி ஜெயித்துவிட்டது, கைதட்டிக் கலையலாம் என்று ஒருவர் எழுந்திருப்பார். உட்காரச் சொல்லுங்கள். மூன்று மதிப்பெண் வித்தியாசத்தை நம்பி இரண்டரை லட்சத்தைப் போடக் கூடாது. தவிர, மின்சாரத்தைச் சிக்கனமாக்கத் திட்டம் போட உட்கார்ந்த கூட்டம், ஒரு யூனிட்கூட மிச்சமாக்காத வழியில் வந்து நிற்கிறது. சார்ஜ் ஆகும்போது பேட்டரி கொஞ்சம் தின்னவும் செய்யும்.

இந்த மாதிரி இடத்தில் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுவதைவிட வழிகளின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். இரு கட்சியும் ஆளுக்கொன்றாக முதலிடம் கொடுத்தவை எவை? ஓட்டை அடைப்பதும் பேட்டரியும். இரண்டையும் சேர்த்தால் 3.2 லட்சம் என்று கூட்டத் தோன்றும். அப்படியில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டரை அந்த நொடிக்குத் தகுந்த மாதிரித்தான் பெரிதாக வாங்க வேண்டியிருக்கிறது. புது மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் ஸ்டார்ட்டரோடு போட்டு, விளக்குச் சுமையையும் குறைத்துவிட்டால், சிறிய இன்வெர்ட்டரே போதும், பேட்டரியும் குறையும். அந்தப் பங்கு 1.6 லட்சமாக இறங்குகிறது என்று வைத்தால் மொத்தம் 2.2 லட்சம். இந்த ஐந்தாவது வழிக்குச் சராசரியில் 69. லிஃப்ட் கட்சியிடம் 79, பணக் கட்சியிடம் 59. பணக் கட்சிக்கு இது மூன்றாமிடம்தான், ஆனால் அவர்கள் எழுந்து போகிற அளவுக்கு இல்லை. சோலாரை இரண்டு வருடம் கழித்துச் சேர்க்கிற மாதிரி ஹைப்ரிட் இன்வெர்ட்டராகவே வாங்கலாமா என்ற அடுத்த கேள்வி அங்கேயே பிறக்கும். அதை ஆறாவது வழியாக எழுதுங்கள்.

ஒரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களிடம் செய்தால் தெரிய வேண்டும். ஹைப்ரிட் போலவே எல்லாம் உள்ள, ஆனால் 8.6 லட்சம் விலையுள்ள ஒரு கொட்டேஷனைப் பட்டியலில் நுழைத்துப் பாருங்கள். யாரும் அதை வாங்கப் போவதில்லை. ஆனால் செலவின் மோசமான கோடி 8.6 லட்சத்துக்கு ஓடிவிடுவதால், 2.1 லட்சச் சோலார் திடீரென மலிவாகத் தெரியும்: 62.5 இருந்த இடத்தில் 81. பணக் கட்சியின் எடையை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் சோலார் 71, ஓட்டை அடைப்பது 69. ஜெயித்தது தோற்றுவிட்டது, யாரும் மனம் மாறவில்லை. ஜவுளிக் கடையில் முதலில் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பட்டை விரித்துக் காட்டுவதும் இதற்குத்தான். புது வழி வந்து கோடி நகர்ந்தால் சீட்டை மறுபடி கொடுத்து எடையைப் புதிதாக வாங்க வேண்டும்.

ஏ.ஹெச்.பி.யில் எடை வாங்கும் விதம் வேறு. அளவுகோல்களை இரண்டிரண்டாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை சொல்ல வேண்டும். அதில் ஒரு நல்ல வசதி, சொன்னவர் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறாரா என்று அளக்கலாம். செலவு மிச்சத்தைப்போல் 3 மடங்கு, மிச்சம் இடத்தைப்போல் 2 மடங்கு என்றவர், செலவு இடத்தைப்போல் 6 மடங்கு என்றுதான் சொல்ல வேண்டும். 4 என்றால் முரண் விகிதம் 0.02, பரவாயில்லை. 2 என்றால் 0.12. சாட்டி வைத்த எல்லை 0.10, அதைத் தாண்டினால் திரும்பக் கேட்க வேண்டும். பத்து அளவுகோல் என்றால் இப்படி 45 கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் 45 கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மனிதரை நான் பார்த்ததில்லை. நான்கைந்து அளவுகோலுக்கு மேல் போனால் சீட்டு முறையே நல்லது.

பெருக்கிக் கூட்டும் எந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு பக்கம் பயங்கரமாகத் தோற்றாலும் இன்னொரு பக்கம் ஜெயித்து ஈடுகட்டிவிடலாம். சில விஷயங்களில் அந்த ஈடு கிடையாது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அடையாற்று வெள்ளம் கீழ்த்தளத்துக்குள் வந்தது. அங்கே கீழ்த்தளத்தில் பேட்டரி அறை கட்டும் திட்டம் செலவில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் வேண்டாம். ரோயின் எலெக்ட்ர் முறையில் இதற்கு வீட்டோ என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்: ஓர் அளவுகோலில் ஒரு வழி இன்னொன்றைவிட ஒரு வரம்புக்கு மேல் பின்தங்கினால், மற்றவை எப்படியிருந்தாலும் அதை மிஞ்சியதாக ஏற்பதில்லை. நாம் அதையே எளிதாக, தாண்டக் கூடாத கோடு என்று வைத்துக்கொள்வோம். பலகையின் மூலையில் சிவப்பு மார்க்கரில் அந்தக் கோடுகளை எழுதுங்கள். பேட்டரியும் சுவிட்ச் போர்டும் 2015 வெள்ளக் கறைக்கு மேலே. சோலார் பேனலைத் தாங்கும் சட்டம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றுக்கு வடிவமைத்தது என்று எழுத்தில் வேண்டும். சென்னைக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் அது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது இந்தப் பக்கம் இருந்தவர்களிடம் இதை வாதாடத் தேவையிருக்காது.

தனி வீட்டுக்காரர்களும் இதே வேலையைச் செய்யலாம், ஒரு திருத்தத்தோடு. யூனிட் மிச்சத்துக்கு நேர்கோட்டில் மதிப்பெண் போடக் கூடாது. 2022 செப்டம்பர் கட்டணத்தின்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டினால் 1,725 ரூபாய். 501 ஓட்டினால் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கொடுத்த மலிவு விலை கைநழுவிப் போவதுதான் காரணம். விலைகள் பிறகு மாறியிருக்கின்றன. பில் வருகிற மாதம் உங்கள் படிநிலை எங்கே உடைகிறது என்று பாருங்கள். 540 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு, பழைய ஃபிரிட்ஜை மாற்றி 50 யூனிட் குறைப்பதன் மதிப்பு, 900 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு அதே 50 யூனிட்டின் மதிப்பைவிடக் கூடுதல். ஆகவே அந்த அளவுகோலை யூனிட்டில் வைக்காமல் ரூபாயில் வையுங்கள், கார்பனுக்கு வேண்டுமானால் யூனிட்டைத் தனி வரியாக எழுதலாம். ஒரே பலனை இரண்டு வரியில் எழுதி இரண்டு முறை எண்ணிவிடாதபடி எடையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய அளவிலும் கேள்வி இதுவேதான். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. இன்று 70 வார்டு. பம்மலுக்கும் மாடம்பாக்கத்துக்கும் ஒரே எடை பொருந்தாது. வார்டு கூட்டத்தில் தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார் பற்றிப் பேச்சு வந்தால், எந்த அளவுகோலுக்கு எத்தனை எடை வைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டாலும் கேள்வி பதிவேட்டில் ஏறும்.

கடைசியாகச் செய்ய வேண்டியவை. பணம் கட்டும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, உங்கள் பொது இணைப்புக்கு நெட் மீட்டர் எந்த முறையில் கிடைக்கும், அனுமதிக்கப்பட்ட சுமைக்குள் எத்தனை கிலோவாட் போடலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தப் பதிலால் மிச்சம் என்ற வரியில் உள்ள எண்களே மாறிப்போகலாம். மாறினால் பெருக்கல் கூட்டலை மறுபடி போடுங்கள். கோடி நகராத வரை எடையைத் தொடாதீர்கள். சீட்டுகளையும் பலகையின் போட்டோவையும் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டித் தேதி போட்டு, வந்திருந்த எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்து ஆறாவது பில் வருகிற நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘ஆண்டுக்கு 2,000 யூனிட்’ என்று எழுதியதற்குப் பக்கத்தில் நிஜமாக மிச்சமானதைப் பென்சிலால் குறியுங்கள். அடுத்த முறை சம்ப் மோட்டாருக்குக் கொட்டேஷன் கேட்கும்போது அந்தப் பென்சில் எண்ணிலிருந்து தொடங்கலாம்.